கப்பல் தளமும் எல்லைக் கல்லும்

ஓசூரில் கடல் இல்லை. கிழக்கே சென்னைத் துறைமுகத்திற்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மேற்கே மலைகளைக் கடந்து மங்களூருக்கு அதைவிடவும் அதிகம். நம் வட்டாரத்து மக்களுக்குத் தெரிந்த நீர், தென்பெண்ணையும் கெலவரப்பள்ளி அணையும்தான். நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்ததும் சிப்காட் வாயிலில் வரிசையில் நிற்பார்கள். லாரித் தொழிற்சாலையிலோ கைக்கடிகாரத் தொழிற்சாலையிலோ பயிற்சியாளராகச் சேர்வார்கள். இவற்றை விட்டுக் கடலை நாடுபவர் அரிது.

அண்மையில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின்னர், ஆலய முற்றத்தில் ஒரு தாய் நம்மிடம் ஓர் ஐயம் எழுப்பினார். அவருடைய மகன் அக்னிவீரர் திட்டத்தில் கடற்படைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறான். "நாலு வருஷம் உப்புத் தண்ணியில கெடந்துட்டு, அதுக்கப்புறம் எம்புள்ள என்னாவான் ஐயா?" என்பது அந்தத் தாயின் கேள்வி. 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்தபின் நால்வரில் ஒருவர்தான் நிரந்தரப் பணியில் நிலைக்க முடியும் என்பதை அறிந்தே அவர் கேட்டார். உடனடியாக நம்மால் விடை கூற இயலவில்லை. ஆயினும் கடலில் தொடங்கிய ஒரு வாழ்க்கை எங்கெங்கு சென்று முடியக்கூடும் என்று தேடத் தொடங்கினோம். அத்தேடலில் நாம் சந்தித்தவர், செங்கல்பட்டில் பிறந்த ராம் தாஸ் கட்டாரி.

1911ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பிறந்த கட்டாரியின் இளமையில், கப்பல் அதிகாரி என்னும் பதவி இந்தியருக்கு எட்டாக்கனி. கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிப்போட இந்தியர் வேண்டும்; மேல்தளத்தில் நின்று திசை காட்ட வேண்டாம் என்பதே அன்றைய நடைமுறை. தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், அதற்காக அவர் பட்ட பாடும் தமிழர் யாவரும் அறிந்தவை. அவ்வளவாக நாம் நினைவுகூராத இன்னொரு தமிழர் உண்டு. அவர் சர் பி.எஸ். சிவசாமி ஐயர். 1922இல் மத்தியச் சட்டசபையில், இந்தியருக்கென வணிகக் கப்பல்துறை வளர வேண்டும், அதற்கு வழிகாண ஒரு குழு அமைக்க வேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தவர் அவரே. அதன் விளைவாக அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, பழைய துருப்புக் கப்பலாகிய 'டஃபரின்', 1927இல் பம்பாயில் நங்கூரமிட்ட பயிற்சிக் கப்பலாயிற்று. அதன் முதல் அணியில் சேர்ந்த சிறுவர்களுள் ஒருவர் கட்டாரி. ஒரு பெரியவர் சபையில் எழுப்பிய குரல், ஐந்தாண்டு கழித்துச் செங்கல்பட்டுப் பையன் ஒருவனுக்கு ஏணியாயிற்று. சட்டசபை உரைகளைப் படித்துச் சலிப்படையும் நமக்கு இது ஒரு சிறு ஆறுதல்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டஃபரின் போர்க்கப்பல் அதிகாரிகளை உருவாக்கவில்லை. வணிகக் கப்பல் மாலுமிகளையே உருவாக்கியது. கட்டாரியும் பயிற்சி முடித்தபின் ஹூக்ளி ஆற்று அளவைப் பணியில் சேர்ந்தார். கல்கத்தாத் துறைமுகம் கடற்கரையில் இல்லை. கப்பல்கள் ஆற்றின் வழியே நெடுந்தொலைவு உள்ளே வரவேண்டும். அந்த ஆறோ இன்று ஓரிடத்தில் ஆழமாக இருக்கும். அடுத்த மாதம் அதே இடத்தில் மணல்மேடு எழும்பும். 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று ஒரு மணல்திட்டுக்கே பெயர். 1694இல் அங்குச் சிக்கி அழிந்த கப்பலின் பெயர் அது. இத்தகைய ஆற்றில் நாள்தோறும் ஆழம் அளந்து, வரைபடம் திருத்தி, கப்பல்களுக்கு வழி காட்டுவதே அளவைக்காரர் பணி. கண்ணுக்குத் தெரியாததை அளந்தறிந்த பின்னரே அடி எடுத்து வைக்கும் பழக்கம் அவருக்கு அங்கு வந்திருக்கும் என்று எண்ணுகிறோம். பின்னாளில் தூதராக அவர் சென்ற நாட்டில், மணல்மேடுகள் ஆற்றில் மட்டும் இருக்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் வந்தது. வணிகக் கப்பல்துறையினரைக் கொண்டு அமைந்த ராயல் இந்தியக் கடற்படையின் சேமப் படைப்பிரிவில் கட்டாரி சேர்ந்தார். போர் முடிந்தபின் நிரந்தரப் பணிக்கு மாறினார். நாடு விடுதலை பெற்றபோதும், பயிற்சி பெற்ற மூத்த இந்திய அதிகாரிகள் மிகச் சிலரே இருந்தமையால், கடற்படைத் தலைமை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. தரைப்படைக்கு கரியப்பா 1949இல் தலைவரானார். கடற்படைக்கோ மேலும் ஒன்பதாண்டு காத்திருக்க நேர்ந்தது. 1956 அக்டோபர் 2ஆம் நாள் கட்டாரி இந்தியக் கப்பற்படை அணிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரானார். 1958 ஏப்ரல் 22ஆம் நாள், கடைசி ஆங்கிலேயத் தளபதியான சர் ஸ்டீபன் கார்லில் விடைபெற, கட்டாரி கடற்படையின் தலைமைத் தளபதியானார். அப்பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவர்.

அவர் காலத்தில்தான் 'விக்ராந்த்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் நம் படையில் சேர்ந்தது. 1961 மார்ச் 4ஆம் நாள் பெல்பாஸ்ட் நகரில் அதனைப் பணியில் இறக்கியவர், பிரிட்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் அம்மையார். போர்க்கப்பலுக்கும் தூதரகத்திற்கும் உறவுண்டு என்பதற்கு அந்த ஒரு காட்சியே போதும்.

அதே ஆண்டு டிசம்பரில் கோவா நடவடிக்கை. கோவா என்றதும் கத்தோலிக்கராகிய நமக்கு முதலில் தோன்றுவது புனித சவேரியாரின் திருவுடல். அந்த மண்ணில் பீரங்கி முழங்கியது பற்றி அக்காலத்தில் நம்மவரிடையே கலவையான உணர்வுகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. நானூற்றைம்பது ஆண்டு ஆட்சி இரண்டே நாளில், டிசம்பர் 18, 19 தேதிகளில் முடிவுக்கு வந்தது. மர்மகோவா துறைமுகத்தில் போர்த்துக்கீசியரின் 'அல்போன்சோ டி அல்புகர்க்' என்னும் கப்பலை 'பெத்வா', 'பியாஸ்' என்னும் நம் கப்பல்கள் செயலிழக்கச் செய்தன. அஞ்சதீவு என்னும் சிறு தீவில் இறங்கிய நம் கடற்படையினருள் எழுவர் உயிர் நீத்தனர். அந்தத் தீவில் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில் ஒன்றும் உண்டு. தீவு இருப்பது கர்நாடகத்தின் கார்வார் கரையோரம். கணக்கில் சேர்வதோ கோவாவோடு. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை நிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதை ஓசூர்க்காரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

1962 ஜூன் மாதத்தில் கட்டாரி ஓய்வு பெற்றார். நம் பகுதியினர் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி இதே ஆண்டில் நிகழ்ந்தது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, தம் 83ஆம் வயதில், பதவி எதுவும் இல்லாத நிலையில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்றார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு அதிபர் கென்னடியிடம் நேரில் வாதாடினார். படைத்தலைவர் ஒருவர் வாளை உறையிலிட்ட அதே ஆண்டில், நம் ஊர்க் கிழவர் ஒருவர் படைக்கலத்தின் தலைவனையே கண்டு பேசச் சென்றார். இது தற்செயல்தான்; ஆனாலும் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

1964இல் கட்டாரி பர்மாவுக்கு இந்தியத் தூதராக நியமிக்கப்பட்டார். 1969 வரை அப்பணியில் இருந்தார்.

ஓய்வுபெற்ற தளபதிகளைத் தூதராக்குவது விடுதலை இந்தியாவில் ஒரு மரபாகவே வளர்ந்தது. கரியப்பா ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றார். விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங் 1971இல் சுவிட்சர்லாந்துக்குச் சென்றதோடு, வத்திக்கானுக்கும் நம் தூதராக விளங்கினார். செல்வாக்குமிக்க தளபதிகள் ஊரில் இருந்தால் அரசியல்வாதிகளுக்கு உறக்கம் வராது, ஆகவே மரியாதையோடு தொலைவுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று ஏளனம் செய்வோர் அன்றும் இருந்தனர். பக்கத்து நாடுகளில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றிய காலம் அது. ஆகவே ஏளனத்தில் ஓரளவு உண்மையும் இருக்கக்கூடும். ஆனால் கடற்படையினர் வகையில் வேறொரு நியாயமும் உண்டு. போர்க்கப்பல் அமைதிக் காலத்தில் அந்நியத் துறைமுகத்தினுள் நுழையும்போதே தூதுப்பணி தொடங்கிவிடுகிறது. பீரங்கி மரியாதை, ஆளுநரைச் சந்தித்தல், கப்பலில் விருந்து, கொடி இறக்கும் நேரம் யாவற்றிலும் ஒரு நாட்டின் மானம் அடங்கியிருக்கிறது. 1950இல் பிரதமர் நேரு இந்தோனேசியாவுக்குச் சென்றது 'டெல்லி' என்னும் போர்க்கப்பலில்தான். முப்பதாண்டு கப்பலில் பழகியவருக்குத் தூதரகப் பழக்கவழக்கங்கள் புதிதல்ல.

ஆனால் பர்மாவில் 1964இல் தேவைப்பட்டது விருந்து நாகரிகம் அல்ல.

பர்மாத் தமிழர் வரலாற்றை நம்மில் பலர் உறவினர் வாயிலாகக் கேட்டிருப்போம். செட்டிநாட்டு வட்டித்தொழில் ஒருபுறம். நெல்வயலிலும் துறைமுகத்திலும் உழைத்த கூலி மக்கள் மறுபுறம். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் அங்கிருந்து வெளியேறினர். காட்டுவழியே நடந்தவர்களில் பல்லாயிரவர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். போர் முடிந்தபின் பலர் திரும்பிச் சென்று வாழ்வைப் புதிதாகத் தொடங்கினர். 1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963இல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் பறிக்கப்பட்டன; சில வாரங்களில் நாடெங்கும் இதே நிலை. மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. பெட்டியில் பணம் வைத்திருந்தவரும் ஒரே இரவில் ஏழையாயினர். அடுத்த சில ஆண்டுகளில் வெளியேறிய இந்தியர் ஏறக்குறைய மூன்று லட்சம் என்பர். கடையையும் வீட்டையும் விட்டதோடு, சேமிப்பையும் நகையையும் கொண்டுவர இயலாமல், உடுத்த துணியோடு கப்பலேறியவர் பலர்.

கட்டாரி தூதராய் இருந்த ஆண்டுகள் இவை. ஒரு தூதரால் என்ன செய்ய இயலும் என்று இங்கு நாம் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறநாட்டின் சட்டத்தை மாற்றச் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. பறிபோன சொத்துக்கு ஈடு கேட்கலாம். தரச் செய்ய இயலாது. அவர் கையில் எஞ்சியிருப்பவை கடவுச்சீட்டும் கப்பல் இடமும் பொறுமையும் மட்டுமே. தில்லியோ 1962 சீனப் போருக்குப் பின்னர் ரங்கூனைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. பர்மா சீனத்தின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதே அக்காலப் பெருங்கவலை. ஆகவே இந்திய அரசு உரத்த குரலில் பேசவில்லை. வெளியேற்றப்பட்டவர்களின் குடும்பங்களில் அந்த மனக்குறை இன்றும் உண்டு. அது நியாயமற்றது என்று நம்மால் கூற முடியாது. அரசியல் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் கணக்கின் மறுபக்கத்தில் நின்றவர்கள் நம் மக்கள்.

வந்தவர்கள் சென்னைப் பாரிமுனையில் 'பர்மா பஜார்' என்று பெயர்பெற்ற கடைவரிசையில் பிழைப்பைத் தொடங்கினர். 'அத்தோ' என்னும் பர்மிய உணவு நம் தெருவோரக் கடைகளுக்கு வந்தது அவர்களால்தான். அதே 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. ஓராண்டுக்குள் இரு கடல்வழிகளிலும் தமிழர் திரும்பி வரும் நிலை. 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு பெயரிட்டது. அவர்களில் பலர் பிறந்ததே அங்குதான் என்பதை அப்பெயர் மறைத்துவிட்டது.

சென்னைக்கு வந்தவர்களில் சிலருக்கு இங்கு மனம் ஒட்டவில்லை. மணிப்பூர் வழியே நடந்தேனும் பர்மா திரும்பலாம் என்று புறப்பட்டனர். எல்லையில் மறிக்கப்பட்டு, மோரே என்னும் சிற்றூரிலேயே தங்கிவிட்டனர். இன்றும் அங்குத் தமிழ்ச்சங்கமும் தமிழர் கோயிலும் உள்ளன. அந்த மோரேயை ஒட்டிச் செல்லும் எல்லைக்கோட்டை இரு நாடுகளும் முறையாக ஒப்புக்கொண்டது, 1967 மார்ச் 10ஆம் நாள் ரங்கூனில் கையெழுத்தான உடன்படிக்கையில்தான். 1,600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட எல்லை அது. வடகோடியில் சீனாவும் சேர்ந்து சந்திக்கும் முனையை மட்டும் தீர்க்காமல் விட்டுவைத்தனர்; மற்றவை முடிவாயின. இந்தியாவின் நில எல்லைகளில் பல இன்றுவரை சச்சரவில் இருக்க, இதுவோ துப்பாக்கி ஓசையின்றித் தீர்ந்தது. கட்டாரி தூதராய் இருந்த காலத்தின் நிலையான பயன் இதுவே என்பது நம் கருத்து. அதற்கான விலையின் ஒரு பகுதியைப் பர்மாத் தமிழரின் மௌனம் செலுத்தியதோ என்னும் ஐயமும் நமக்கு உண்டு. இவ்விரண்டையும் சேர்த்தே வரலாற்றில் எழுத வேண்டும்.

எல்லையைப் பற்றி எழுதுகையில் நம் ஊரை மறந்து எழுத இயலாது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகாலம் மைசூருக்குப் போயிற்று. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து ஒலிக்கும் ஓசூர் சேலம் மாவட்டத்திலேயே நின்றது. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நாள்தோறும் வேலைக்குப் போய்வருவோர் எத்தனையோ ஆயிரம். காலை ஷிப்டுக்குப் போகும் பேருந்தில் எல்லை எப்போது கடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் வெடித்தபோது, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சாலை வழியாகத்தான் தப்பி வந்தன. 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகள் எரிந்தன, போக்குவரத்து நின்றது, மூட்டையைத் தலையில் வைத்துக் குழந்தையின் கையைப் பிடித்தபடி எல்லையை நடந்தே கடந்தவர்களை நாம் கண்ணால் கண்டோம். ரங்கூன் துறைமுகத்தில் நின்றவர்களின் முகம் எப்படியிருந்திருக்கும் என்பதை அறிய நமக்குப் புகைப்படம் தேவையில்லை.

கட்டாரிக்குப் பின்னரும் கடற்படையிலிருந்து தூதரானவர் உண்டு. 1971 போரின்போது கடற்படை நடவடிக்கைகளின் இயக்குநராகவும், 1982 முதல் 1984 வரை தலைமைத் தளபதியாகவும் இருந்த ஆஸ்கர் ஸ்டான்லி டாசன், 1985இல் நியூசிலாந்துக்கு ஹைகமிஷனராகச் சென்றார். அதே ஆண்டில் நியூசிலாந்து தில்லிக்கு அனுப்பிய ஹைகமிஷனர், எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி. அவர்கள் மலையேறியை அனுப்ப, நாம் கடலோடியை அனுப்பினோம்! அணுசக்திக் கப்பல்களுக்குத் தன் துறைமுகங்களை நியூசிலாந்து மூடிய ஆண்டு அது. அங்கு ஒரு கடற்படைத் தளபதியின் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்திருக்க வேண்டும். டாசன் 2011 அக்டோபரில் பெங்களூரில், நமக்கு 40 கிலோமீட்டர் தொலைவில், காலமானார்.

கட்டாரி 1983 ஜனவரியில் மறைந்தார். 'ஒரு மாலுமி நினைவுகூர்கிறான்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் தன்வரலாறு எழுதி வைத்துச் சென்றார். அவர் மகள் லலிதாவை மணந்தவரும் ஒரு தமிழர், ஒரு மாலுமி. அவரே லட்சுமிநாராயண் ராமதாஸ். கோவாவில் போரிட்ட அதே 'பியாஸ்' கப்பலுக்கு 1971இல் தலைமை தாங்கி வீர் சக்ரா பெற்றவர். 1990 முதல் 1993 வரை கடற்படைத் தலைமைத் தளபதி. பெண்கள் கடற்படையில் அதிகாரிகளாகச் சேரத் தொடங்கியது அவர் காலத்தில். ஓய்வுக்குப் பின் அவருக்கு எந்த அரசும் தூதர் பதவி தரவில்லை. அவரும் அதற்குக் காத்திருக்கவில்லை. தாம் போரிட்ட பாகிஸ்தானின் மக்களோடு நட்புறவு வளர்க்கப் பாடுபட்டார். அணு ஆயுதத்தை எதிர்த்துப் பேசினார். 2004இல் பாகிஸ்தானின் இதழாளர் ஐ.ஏ. ரஹ்மானோடு இணைத்து அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. ஊரில் சிலர் அவரைத் தூற்றவும் செய்தனர். 2024 மார்ச்சில் அவர் காலமானார். மாமனார் நற்சான்றுப் பத்திரத்தோடு செய்த பணியை மருமகன் அஃதில்லாமலே செய்தார் என்று சொன்னால், மிகையாகாது என எண்ணுகிறோம்.

இவற்றையெல்லாம் அந்தத் தாயிடம் கூறினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்கல்லாம் ஆபீசருங்க ஐயா" என்றார். அது உண்மை, மாலுமியாகச் சேர்பவனுக்கும் அதிகாரியாகச் சேர்பவனுக்கும் இடையே உள்ள சுவர் இன்னும் உயரமானதே. ஆயினும் கட்டாரி முதலில் ஏறிய கப்பலும் போர்க்கப்பல் அன்று என்பதைச் சொன்னோம். பையன் அருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மோரே எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டான். விண்ணப்பத்திற்கு வேண்டிய சான்றிதழ்களோடு அடுத்த ஞாயிறு வருவதாகக் கூறிச் சென்றிருக்கிறார்கள்.